வெளிச்சத்துக்கு யார் விலை கொடுப்பது?

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நடைபெற்ற அரசு விழாவில், 10 மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களில் உள்ள 75 கலங்கரை விளக்கங்களில் அமைக்கப்பட்ட சுற்றுலா வசதிகளைப் பிரதமர் நரேந்திர மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், கோவாவின் அகுவாதா கோட்டையில் நாட்டின் முதலாவது கலங்கரை விளக்கத் திருவிழா கொண்டாடப்பட்டது. பொதுமக்கள் எட்ட நின்று பார்த்துவந்த கோபுரங்கள் இன்று குடும்பத்தோடு சென்று வரும் இடங்களாக மாறிவருகின்றன. இது வரவேற்க வேண்டிய மாற்றமே.

ஆனால், கலங்கரை விளக்கம் காட்சிப் பொருளாவதற்கு முன்பு அது ஒரு சேவை. அந்தச் சேவையை நடத்துவது யார், அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, அந்தப் பணத்தைக் கொடுப்பவரும் அந்த ஒளியை நம்பியிருப்பவரும் ஒருவரேதானா என்னும் கேள்விகள் நம் பொதுவெளியில் பெரிதாக விவாதிக்கப்படுவதில்லை. சுமார் ஒரு நூற்றாண்டாக நடைமுறையில் இருந்த சட்டத்தை 2021-இல் மாற்றி எழுதியபோதுகூட, நாடாளுமன்றத்துக்கு வெளியே அதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவாகவே இருந்தது. கடலை நம்பி வாழும் மக்கள் மிகுந்த தமிழகத்துக்கு இந்த மௌனம் நல்லதல்ல.

விளக்கு மட்டுமல்ல

'கலம்' என்றால் கப்பல். 'கரைதல்' என்றால் அழைத்தல். கப்பலை அழைக்கும் விளக்கு என்ற பொருளில் சிலப்பதிகாரத்திலேயே இடம்பெற்றுவிட்ட சொல் கலங்கரை விளக்கம். மாமல்லபுரத்தில் பாறைமீது நிற்கும் ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சி ஆங்கிலேயர் காலத்தில் கலங்கரை விளக்கமாகவே பயன்பட்டது. சென்னையில் 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கட்டடத்தின் மேல் ஏற்றப்பட்ட விளக்கு, 1844-இல் தனித் தூணுக்கும், 1894-இல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்துக்கும், 1977-இல் மெரினா கடற்கரைக்கும் இடம் மாறியது. இடம் மாறினாலும், சென்னைக் கடலில் அந்த ஒளி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தொடர்கிறது.

இன்று 'கலங்கரை விளக்கச் சேவை' என்பது கோபுரத்தோடு முடிவதில்லை. ஆழமற்ற பகுதிகளையும் கப்பல் தடங்களையும் காட்டும் மிதவைகள், ராடார் திரையில் தன்னை அடையாளம் காட்டும் கருவிகள், கப்பல்களின் பெயர், திசை, வேகம் ஆகியவற்றைக் கரையிலிருந்து அறிய உதவும் தானியங்கி அடையாள அமைப்பு, கட்ச் வளைகுடா போன்ற நெரிசலான நீர்ப்பரப்புகளில் இயங்கும் கப்பல் போக்குவரத்து மேலாண்மை மையங்கள் என அனைத்தும் இதில் அடங்கும். மூழ்கிய கப்பல் கிடக்கும் இடத்தைப் பிற கப்பல்களுக்கு உணர்த்துவதும் இதன் பணிதான். 2002 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாயில் 'டிரைகலர்' என்ற கார் ஏற்றிச் செல்லும் கப்பல் மூழ்கியது. எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருந்தும், அடுத்த சில வாரங்களுக்குள் வேறு இரு கப்பல்கள் அதன்மீது மோதின. மூழ்கிய கலங்களை உடனடியாக அடையாளப்படுத்த நீலமும் மஞ்சளும் கொண்ட தனி மிதவையை உலக நாடுகள் ஏற்றுக்கொண்டது அந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1974-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை, கப்பல் போக்குவரத்தின் அளவுக்கும் ஆபத்தின் தன்மைக்கும் ஏற்ப இத்தகைய வசதிகளைச் செய்துதருவது ஒவ்வோர் அரசின் கடமை என்கிறது. இத்துறையின் சர்வதேச அமைப்பு, மிக முக்கியமான விளக்குகள் 99.8 சதவீத நேரம் தவறாமல் இயங்க வேண்டும் என்று அளவுகோல் வகுத்துள்ளது. கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டுக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் அந்த விளக்கு அணைந்திருக்கக் கூடாது. இத்தகைய நம்பகத்தன்மை, ஆளும் பணமும் தொடர்ந்து கிடைத்தால் மட்டுமே சாத்தியம்.

பொருளியலாளர்களின் விளக்கு

இந்தப் பணத்தை யார் கொடுப்பது என்ற கேள்வி பொருளாதார அறிஞர்களை நெடுங்காலமாக ஈர்த்துவந்துள்ளது. கடலில் செல்லும் கப்பல்களிடம் விளக்கின் பயனுக்குக் கட்டணம் வாங்க இயலாது. ஆகவே, தன் சொந்த லாபத்துக்காக ஒருவரும் அதைக் கட்டமாட்டார். அரசே கட்ட வேண்டும் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1848-இல் வெளிவந்த தமது பொருளியல் நூலில் வாதிட்டார். பால் சாமுவேல்சன் அதற்கு மேலும் ஒரு படி சென்றார். கட்டணம் வாங்க முடிந்தாலும்கூட, கூடுதலாக ஒரு கப்பல் அந்த ஒளியைப் பார்ப்பதால் எந்தச் செலவும் கூடுவதில்லை என்பதால், கட்டணம் வாங்குவதே பொருளாதார நோக்கில் பிழை என்பது அவரது நிலைப்பாடு.

1974-இல் ரொனால்டு கோஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த வாதங்களை வரலாற்றின் உரைகல்லில் உரசிப் பார்த்தது. இங்கிலாந்தில் பல கலங்கரை விளக்கங்கள் தனியாரால் கட்டப்பட்டதையும், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடம் அங்கேயே கட்டணம் வசூலிக்கப்பட்டதையும் அவர் எடுத்துக்காட்டினார். கடலில் வாங்க முடியாத கட்டணத்தைத் துறைமுகத்தில் வாங்கலாம் அல்லவா?

ஆனால், அந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தனியார் வசமிருந்த விளக்குகள் அரசு வழங்கிய உரிமையின் பலத்திலேயே பணம் ஈட்டின. விளக்கைக் கடந்து செல்லும் கப்பலுக்கு வேறு வழியில்லை. அதனால், அந்த உரிமை பொன் முட்டையிடும் வாத்தாயிற்று. 1836-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி தனியார் விளக்குகளை 'டிரினிட்டி ஹவுஸ்' நிறுவனம் விலைக்கு வாங்கத் தொடங்கியது. வேல்ஸ் கடலோரத்தில் உள்ள ஸ்கெர்ரீஸ் என்ற சிறு பாறைத் தீவின் விளக்குக்கு மட்டும் 1841-இல் 4,44,984 பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு விளக்கை விடாமல் எரியவைக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால், அந்தத் தொகை எவ்வளவு பெரிய கொள்ளை லாபத்தின் விலை என்பது விளங்கும்.

அமெரிக்கா வேறு வழியைத் தேர்ந்தது. 1789-இல் கூடிய அதன் முதல் காங்கிரஸ், கலங்கரை விளக்கங்களை மத்திய அரசின் பொறுப்பாக்கியது. இன்றுவரை அங்கு இச்சேவை பொது வரிப்பணத்திலேயே நடக்கிறது. 1939 முதல் கடலோரக் காவல் படை அதை நிர்வகிக்கிறது. ஆக, பயன்படுத்துவோர் கட்டணம், பொது வரி என இரண்டு வழிகளுமே நடைமுறையில் சாத்தியம். எந்த வழியில் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

பிரிட்டன் நடத்திய மறுபரிசீலனை

கட்டண முறையின் பலமும் பலவீனமும் சமீப காலத்தில் மிகத் தெளிவாக வெளிப்பட்டது பிரிட்டனிலும் அயர்லாந்திலும்தான். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு டிரினிட்டி ஹவுஸ், ஸ்காட்லாந்துக்கு வடக்குக் கலங்கரை விளக்க வாரியம், அயர்லாந்துத் தீவு முழுமைக்கும் ஐரிஷ் விளக்குகள் ஆணையம் என அங்கு மூன்று அமைப்புகள் உள்ளன. மூன்றுக்கும் பொதுவாக ஒரு கலங்கரை விளக்க நிதியம் உண்டு. துறைமுகங்களுக்கு வரும் வணிகக் கப்பல்கள் செலுத்தும் கட்டணமே அதன் முதன்மை வருவாய்.

2008-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது கப்பல் போக்குவரத்து குறைந்தது; வசூலும் சுருங்கியது. ஆனால், விளக்குகளின் செலவு குறையவில்லை. ஓய்வூதியப் பொறுப்புகளும் நிதியத்தை அழுத்தின. நிகர டன்னுக்கு 35 பென்ஸாக இருந்த கட்டணம், 2009, 2010 ஆகிய இரு ஆண்டுகளில் 41 பென்ஸாக உயர்த்தப்பட்டது. தொழில் நலிந்திருக்கும் நேரத்தில் கட்டணத்தை உயர்த்துவதா என்று கப்பல் நிறுவனங்கள் கொதித்தன. அத்துடன் இன்னொரு பழைய மனக்குறையும் மேலெழுந்தது. அயர்லாந்துக் குடியரசில் உள்ள விளக்குகளுக்கு ஆகும் செலவின் கணிசமான பகுதியை, பிரிட்டன் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அது.

இரு அரசுகளும் சேர்ந்து சுயேச்சையான மறுபரிசீலனை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தன. 2010-இல் வெளியான அதன் அறிக்கை, மூன்று அமைப்புகளையும் ஒன்றாக்கிவிட வேண்டும் என்ற எளிய தீர்வை ஏற்கவில்லை. மூன்றுக்கும் பொதுவான கூட்டுக் குழு, விலைவாசி உயர்வுக்குக் கீழே செலவைக் கட்டுப்படுத்தும் விதி ஆகியவற்றையே அது வலியுறுத்தியது. அயர்லாந்துக் குடியரசில் ஆகும் செலவை 2015-16 முதல் அந்நாட்டிலிருந்தே திரட்டுவதென இரு அரசுகளும் உடன்பட்டன. 2014-இல் கட்டணம் 40 பென்ஸாகக் குறைந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கட்டணத்தை மட்டுமே நம்பிய சேவை, வணிகம் தளரும்போது தானும் தளரும். ஆனால், வணிகம் தளர்ந்துவிட்டது என்பதற்காகப் பாறைகள் இடம் பெயர்ந்துவிடுவதில்லை. இரண்டு, அந்நாடுகளில் கணக்குகள் வெளிப்படையாக இருந்ததால்தான் யார் யாருக்காகக் கொடுக்கிறார்கள் என்ற விவாதமே சாத்தியமானது. அங்குள்ள மூன்று அமைப்புகளும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை எந்த விளக்கு தேவை, எது தேவையில்லை, எங்கு ஒளியின் வீச்சைக் குறைக்கலாம், எங்கு புதிய மிதவை வேண்டும் என்று பயன்படுத்துவோரிடம் கேட்டுக் கூட்டாக ஆய்வு செய்கின்றன. இந்த வழக்கம் நமக்கு வேண்டும்.

1927 முதல் 2021 வரை

இந்தியாவில் இச்சேவையை முறைப்படுத்தியது 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டம். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் ஏடன், கராச்சி, பம்பாய், சென்னை, கல்கத்தா, ரங்கூன் என்ற ஆறு மண்டலங்களில் 32 விளக்குகள் மட்டுமே அச்சட்டத்தின் கீழ் இருந்தன. விடுதலைக்குப் பின் நம் பங்குக்கு வந்தவை 17. 2021-இல் புதிய சட்ட மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அந்த எண்ணிக்கை 195 ஆக உயர்ந்திருந்தது. நொய்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட கலங்கரை விளக்கங்கள் தலைமை இயக்குநரகம், சென்னை உள்ளிட்ட மண்டல அலுவலகங்கள் வழியே இவற்றைப் பராமரிக்கிறது. இந்த வளர்ச்சி சாதாரணமானதல்ல. மனிதர் எளிதில் சென்றுசேர முடியாத அந்தமான், லட்சத்தீவுப் பாறைகளிலும் விளக்கேற்றிக் காத்த ஊழியர்களின் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது.

2021 மார்ச்சில் மக்களவையிலும் ஜூலையில் மாநிலங்களவையிலும் நிறைவேறிய கடல்வழி வழிகாட்டுச் சாதனங்கள் சட்டம், பழைய சட்டத்துக்கு விடை கொடுத்தது. விளக்கு என்ற சொல்லைத் தாண்டி, மிதவை முதல் மின்னணுச் சாதனங்கள் வரை அனைத்தையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. கப்பல் போக்குவரத்து மேலாண்மையை முறைப்படுத்தியது. இப்பணியில் இருப்போருக்குப் பயிற்சியையும் சான்றிதழையும் வலியுறுத்தியது. பழமையான கோபுரங்களைப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்க வழிசெய்தது. வேண்டுமென்றே ஒரு வழிகாட்டுச் சாதனத்தைச் சேதப்படுத்துவோருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

நிதியைப் பொருத்தவரை, சட்டம் பழைய பாதையிலேயே செல்கிறது. இந்தியத் துறைமுகங்களுக்கு வரும், அங்கிருந்து புறப்படும் கப்பல்கள் மத்திய அரசு நிர்ணயிக்கும் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். சில வகைக் கலங்களுக்கு விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. பெயர் மாறியிருக்கிறது, 'விளக்குக் கட்டணம்' என்பது 'வழிகாட்டுச் சாதனக் கட்டணம்' ஆகியிருக்கிறது. அடிப்படை அனுமானம் மட்டும் மாறவில்லை. கடலின் ஒளியால் பயன்பெறுவோர் வணிகக் கப்பல்கள். ஆகவே, அவை கொடுக்கட்டும் என்பதே அந்த அனுமானம். 1927-இல் அது பெருமளவு பொருந்தியது. இன்று எந்த அளவுக்குப் பொருந்துகிறது?

கொடுப்பவர் ஒருவர், நம்பியிருப்பவர் வேறொருவர்

நவீன வணிகக் கப்பலின் மாலுமி கோபுரத்தின் ஒளியைத் தேடிக் கடலை வெறித்துக்கொண்டிருப்பதில்லை. செயற்கைக்கோள் தரும் இருப்பிடம், மின்னணு வரைபடம், ராடார், தானியங்கி அடையாளக் கருவி ஆகிய அனைத்தும் அவர் முன்னால் உள்ள திரைகளில் ஒளிர்கின்றன. கப்பல் உரிமையாளர் கேட்கக்கூடிய கேள்வி எளிது: 'நான் பார்க்காத விளக்குக்கு நான் ஏன் பணம் தர வேண்டும்?' பிரிட்டனில் இந்தக் கேள்வி பல ஆண்டுகளாகவே எழுப்பப்படுகிறது; இந்தியாவிலும் எழும் நாள் தொலைவில் இல்லை.

அந்தக் கேள்விக்கு முதல் பதில், செயற்கைக்கோளும் பொய் சொல்லக்கூடும் என்பது. 2017 ஜூனில் கருங்கடலில் சென்றுகொண்டிருந்த சுமார் 20 கப்பல்களின் ஜிபிஎஸ் கருவிகள், அவை கடலில் அல்ல, பல கிலோமீட்டர் உள்ளே ஒரு விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டின. போலிச் சமிக்ஞைகளே அதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது. அதன் பின்னர் போர் மூளும் கடற்பகுதிகளில் எல்லாம் இத்தகைய குறுக்கீடுகள் வாடிக்கையாகிவிட்டன. கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளக்கூடிய, எவராலும் தொலைவிலிருந்து திரித்துக் காட்ட முடியாத ஓர் அடையாளம் கரையில் இருப்பது, மிக நவீனமான கப்பலுக்கும் கடைசிக் காப்பு.

இரண்டாவது பதில் நம் கரைக்கு நெருக்கமானது. நள்ளிரவில் வள்ளத்திலோ நாட்டுப்படகிலோ கடலுக்குச் சென்று விடியுமுன் திரும்பும் மீனவருக்கு, கரையின் விளக்கு இன்றும் நேரடியான வழிகாட்டி. தேவாலயக் கூம்பு, கோயில் கோபுரம், மலைமுகடு, கலங்கரை விளக்கம் ஆகியவற்றில் இரண்டை நேர்கோட்டில் வைத்து, தாம் இருக்கும் இடத்தையும் மீன் கிடைக்கும் பாரையும் கணிக்கும் அறிவு நம் மீனவரிடம் தலைமுறைகளாக உள்ளது. கைப்பேசியிலும் சிறு ஜிபிஎஸ் கருவியிலும் இன்று அவர்கள் தேர்ந்துவிட்டார்கள் என்பது உண்மையே. ஆனால், மின்கலம் தீர்ந்துபோகும் இரவில், கருவி நனைந்துபோகும் இரவில், கண்ணுக்குத் தெரியும் ஒளிதான் மிஞ்சுகிறது. முட்டத்திலும் மணப்பாட்டிலும் கோடியக்கரையிலும் உள்ள விளக்குகளின் மதிப்பை அவற்றைக் கடந்து செல்லும் சரக்குக் கப்பல்களின் எண்ணிக்கையால் மட்டும் அளந்துவிட முடியாது.

அந்த மீனவர் கட்டணம் செலுத்துவதில்லை. செலுத்தச் சொல்லவும் கூடாது. ஆனால், கட்டணம் செலுத்துவோரின் விருப்பமே சேவையின் திசையைத் தீர்மானிக்கும் ஓர் ஏற்பாட்டில், கட்டணம் செலுத்தாதவரின் தேவை மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து மறைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. எந்த அதிகாரியின் தீய எண்ணத்தாலும் இது நிகழ்வதில்லை. கணக்குப் புத்தகத்தின் அமைப்பே அதை நிகழ்த்திவிடும்.

இது வெறும் கற்பனையான அச்சமல்ல. பெரிய கப்பல்கள் ஒன்றையொன்று திரையில் பார்த்துக்கொள்ள உதவும் தானியங்கி அடையாளக் கருவி பெரும்பாலான சிறு படகுகளில் இல்லை. 2018 ஆகஸ்டில் கேரளக் கடலில் 'ஓஷியானிக்' என்ற மீன்பிடிப் படகு கப்பல் மோதி மூழ்கியது. அதில் உயிரிழந்தோரில் பலர் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டபின், உலகின் மிகப் பெரிய சரக்குப்பெட்டகக் கப்பல்கள் குமரி மீனவர் தொழில்செய்யும் கடலுக்கு அருகே வந்து செல்கின்றன. கப்பலுக்கு வழி காட்டுவதோடு, கப்பலிடமிருந்து படகைக் காப்பதும் இச்சேவையின் பொறுப்பாக வேண்டிய காலம் இது.

மூன்றாவதாக, நாட்டின் பாதுகாப்பு. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் கடல் வழியாகவே வந்தனர். அதன் பின்னர் உருவாக்கப்பட்ட கடலோரக் கண்காணிப்பு வலைப்பின்னலின் ராடார்களும் கேமராக்களும் பல இடங்களில் கலங்கரை விளக்கக் கோபுரங்களின் மீதே பொருத்தப்பட்டுள்ளன. தேசத்தைக் காக்கும் இந்தப் பணி ஒட்டுமொத்தக் குடிமக்களுக்கும் உரியது. அதற்குத் துணைநிற்கும் கோபுரத்தைப் பராமரிக்கும் செலவை வணிகக் கப்பலின் கட்டணக் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது.

சுற்றுலா வருவாய் போதுமா?

இந்த இடத்தில்தான் சுற்றுலாவை ஒரு தீர்வாகப் பலரும் முன்வைக்கிறார்கள். கோபுரத்தைப் பார்க்க வருவோரின் பணத்திலேயே கோபுரத்தைக் காக்கலாம் என்பது கேட்க இனிமையான யோசனை. சென்னை மெரினா, மாமல்லபுரம் போன்ற இடங்களில் அது ஓரளவு நடக்கவும் கூடும்.

ஆனால், சுற்றுலாவின் தர்க்கமும் கடற்பாதுகாப்பின் தர்க்கமும் ஒன்றல்ல. மக்கள் எளிதில் வந்துபோகும் இடத்தில் உள்ள விளக்கே பணம் ஈட்டும். கப்பலுக்கும் படகுக்கும் அதிகம் தேவைப்படும் விளக்கோ பெரும்பாலும் ஆள் அரவமற்ற முனையில், தீவில், பாறையில் நிற்கும். வருவாய் தருவதை வளர்ப்போம் என்று தொடங்கி, வருவாய் தராததை மறந்துவிடும் நிலைக்கு வந்துவிடக் கூடாது. அமெரிக்கா 2000-ஆம் ஆண்டில் இயற்றிய பாரம்பரியக் கலங்கரை விளக்கப் பாதுகாப்புச் சட்டம் இதில் ஒரு தெளிவைக் காட்டுகிறது. பழைய கோபுரங்களை உள்ளாட்சிகளுக்கும் தன்னார்வ அமைப்புகளுக்கும் ஒப்படைக்க அது வழிசெய்கிறது. ஆனால், அங்கு விளக்கு இன்னும் பயன்பாட்டில் இருந்தால், அதை இயக்கும் பொறுப்பு கடலோரக் காவல் படையிடமே தொடரும். கட்டடத்தின் காவலையும் ஒளியின் காவலையும் பிரித்துப் பார்க்கும் இந்த அணுகுமுறை நமக்கும் உகந்தது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, கணக்கு. கலங்கரை விளக்கங்களின் வரவும் செலவும் மத்திய பட்ஜெட் ஆவணங்களுக்குள் துறைமுகங்களோடு சேர்ந்த தலைப்பின்கீழ் வருகின்றன. ஓர் ஆண்டில் கப்பல்களிடமிருந்து எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு இச்சேவைக்கே திரும்பியது, விளக்குக்கு எவ்வளவு, மிதவைக்கு எவ்வளவு, கண்காணிப்புக்கு எவ்வளவு, சுற்றுலாவுக்கு எவ்வளவு என்பதைச் சாதாரண வாசகரும் புரிந்துகொள்ளும் வகையில் ஒரே அறிக்கையாகத் தலைமை இயக்குநரகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மாநில மொழிகளிலும் அது கிடைக்க வேண்டும். ஒவ்வொரு விளக்கும் எத்தனை சதவீத நேரம் இயங்கியது என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவதாக, நிதியைப் பிரித்தல். வணிகக் கப்பல்களுக்கான வசதிகளின் செலவைக் கட்டணம் சுமக்கட்டும். மீனவர் பாதுகாப்பு, பேரிடர்க் காலப் பயன்பாடு, தேசப் பாதுகாப்பு, பாரம்பரியக் காப்பு ஆகியவற்றுக்கான பங்கைப் பொது நிதியிலிருந்து வெளிப்படையாக ஒதுக்க வேண்டும். அப்போது கப்பல் உரிமையாளர் தம் கட்டணத்தைக் குறைக்கக் கோரினாலும், அந்தக் கோரிக்கை குமரி மீனவரின் விளக்கைத் தொடாது. கட்டணம் மிகையாக இருந்தால் அது சரக்கின் விலையில்தான் ஏறும் என்பதால், நியாயமான கட்டணம் நுகர்வோருக்கும் நல்லது.

மூன்றாவதாக, பிரதிநிதித்துவம். புதிய சட்டம், இத்துறையால் பாதிக்கப்படும் நலன்களைப் பிரதிபலிப்போரையும் துறை அறிவு கொண்டோரையும் கொண்ட மத்திய ஆலோசனைக் குழுவுக்கு இடமளிக்கிறது. புதிய சாதனங்களை அமைப்பது, இருப்பதை மாற்றுவது, அகற்றுவது, அதற்கான செலவு ஆகியவை குறித்து அக்குழுவிடம் அரசு கலந்தாலோசிக்கலாம். அக்குழுவில் பாரம்பரிய மீனவர்களின் பிரதிநிதிகளுக்கு உறுதியான இடம் வேண்டும். கரையில் ஒரு விளக்கை அணைக்கவோ அதன் வீச்சைக் குறைக்கவோ முடிவெடுக்கும் முன், அதைப் பார்த்துக் கரை சேரும் ஊர்களிடம் கேட்பது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

நான்காவதாக, சிறு துறைமுகங்கள். மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் உள்ள பொது விளக்குகளைத் தவிர, துறைமுகங்களும் மாநில அமைப்புகளும் பராமரிக்கும் உள்ளூர் விளக்குகளும் மிதவைகளும் உள்ளன. மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் உள்ள சிறு விளக்கு பழுதானால் அதன் விலை ஓர் உயிராக இருக்கலாம். அவற்றுக்கும் அதே தர அளவுகோல், அதே ஆய்வு, அதே வெளிப்படைத்தன்மை பொருந்த வேண்டும். தமிழ்நாடு கடல்சார் வாரியமும் மீன்வளத் துறையும் இதில் இணைந்து செயல்பட்டு, மாநிலக் கடலோரத்தின் எல்லா விளக்குகளையும் பற்றிய ஒரு பட்டியலைத் தயாரிப்பது நல்ல தொடக்கமாக அமையும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை நாடு தழுவிய மறுபரிசீலனை வேண்டும். சில விளக்குகள் உண்மையிலேயே தேவையற்றுப் போயிருக்கலாம். அவற்றைக் கட்டிக்காக்கும் பணத்தை வேறிடத்தில் செலவிடுவதே அறிவுடைமை. நகரங்களின் மின்னொளி வெள்ளத்தில் தெரியாமல் போகும் விளக்குகளுக்கு மாற்று ஏற்பாடு தேவைப்படலாம். எல்லா விளக்கும் எக்காலமும் எரிய வேண்டும் என்று எவரும் வாதிடவில்லை. எது எரிய வேண்டும் என்பதை முடிவுசெய்யும்போது, பணம் கொடுப்பவரின் குரலோடு உயிரைப் பணயம் வைப்பவரின் குரலும் கேட்கப்பட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இந்தியா இன்று கடல் வாணிபத்தில் வல்லரசாக விரும்புகிறது. துறைமுகங்களில் பல்லாயிரம் கோடி ரூபாய் முதலிடப்படுகிறது. அந்தப் பெரும் முதலீடுகளோடு ஒப்பிட்டால் கலங்கரை விளக்கச் சேவையின் செலவு மிகச் சிறியது. ஆனால், ஒரு நாடு தன் கடற்கரையை யாருக்காக வைத்திருக்கிறது என்பதை அந்தச் சிறிய செலவே காட்டிக்கொடுக்கும். புதிய சட்டம் வந்து ஆண்டுகள் சில ஆகிவிட்டன. அதன் விதிகளும் கட்டணங்களும் நிலைபெற்றுவிடும் முன், கணக்கைத் திறந்து வைத்து, மீனவரையும் அமர்த்திப் பேசுவதற்கு இதுவே தருணம்.